தட்டு முதலில், கிளாஸ் பிறகு: பப் நடத்தும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லைசன்ஸ் எடுத்து பப் நடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்கும், அவர்களிடம் கவுன்டரிலும் மேசைப் பக்கத்திலும் வேலை செய்யும் தம்பி, தங்கைகளுக்கும்,

வணக்கம்.

ஞாயிறு மதியம், 14-ஆம் மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. அப்பா, அம்மா, 17 வயது மகன், 14 வயது மகள். அப்பா கவுன்டருக்கு வந்து நான்கு ரோஸ்ட் சொல்லிவிட்டு, "எனக்கு ஒரு பைன்ட், அம்மாவுக்கு ஒரு வைட் வைன், மகனுக்கும் ஒரு லாகர்" என்கிறார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆன ஒரு பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்?

"18 ஆகவில்லை என்றால் கிடையாது, சட்டம் அப்படி" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. "சாப்பாட்டோடு என்றால் பரவாயில்லை" என்று இன்னும் சிலர் முழுப் பைன்ட் (568 மில்லி) லாகர் பியரை ஊற்றி, ரோஸ்ட் வருவதற்கு அரைமணி நேரம் முன்னாலேயே மேசையில் வைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படியும் சொல்லவில்லை. லைசன்ஸ் சட்டத்தை பார் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு பயிற்சியிலும் அதிகம் குழம்பும் இடம் இதுதான். உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: 16, 17 வயதுப் பிள்ளைகள் குடும்பத்தோடு சாப்பிட வந்தால் உங்கள் பப்பில் என்ன செய்வது என்பதை ஒரே ஒரு தாளில் எழுதி, டில் (கல்லா) பக்கத்தில் ஒட்டி, எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதுகிறோம்.

முதலில் சட்டம். 18 ஆகாத பிள்ளைக்கு பப்பில் மது வாங்கிக்கொடுப்பதும் அந்தப் பிள்ளை குடிப்பதும் பொதுவாகக் குற்றம்; சாப்பாட்டோடு குடிப்பதற்கு மட்டும் 2003 லைசன்சிங் சட்டத்தின் 149, 150-ஆம் பிரிவுகளில் ஒரு விலக்கு இருக்கிறது. பிள்ளைக்கு 16 அல்லது 17 வயது ஆகியிருக்க வேண்டும். குடிப்பது பியர், வைன், சைடர் (ஆப்பிள் மது) இந்த மூன்றில் ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்குபவர் 18 நிரம்பியவராக இருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டோடு, அதே இடத்தில் குடிக்க வேண்டும். அந்தச் சாப்பாட்டில் 18 நிரம்பிய ஒருவர் கூட இருக்க வேண்டும். ஐந்தும் ஒரே நேரத்தில் பொருந்தினால்தான் விலக்கு. ஒன்று குறைந்தாலும் வாங்கிக்கொடுத்த பெரியவர் மேல் குற்றம், குடித்த பிள்ளை மேல் குற்றம், தெரிந்தே விட்ட ஊழியர் மேலும் குற்றம். பிள்ளைக்கான அபராதத்துக்கு 1,000 பவுண்ட் உச்சவரம்பு உண்டு. பெரியவருக்கும் ஊழியருக்கும் உச்சவரம்பே கிடையாது.

சட்டம் எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். கூட இருப்பவர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. எத்தனை கிளாஸ் என்று சொல்லவில்லை. எந்த அளவு என்றும் சொல்லவில்லை. போன மாதம் 18 ஆன ஒரு பையன், 16 வயது நண்பர்கள் மூன்று பேரோடு வந்து நான்கு பர்கரும் நான்கு பைன்டும் கேட்டால், எழுத்துப்படி பார்த்தால் ஐந்தும் பொருந்துகிறது. அந்த மேசைக்கு ஊற்றக்கூடாது என்பதுதான் எங்கள் திடமான கருத்து. இந்த விலக்கு உங்கள் கையில் உள்ள அனுமதி மட்டுமே, கடமை கிடையாது. "எங்கள் பப்பில் அப்பா, அம்மா அல்லது 25 வயது தாண்டிய குடும்பத்தார் கூட இருந்தால் மட்டும்தான்" என்று நீங்கள் விதி வைத்துக்கொள்ளலாம். முழுவதும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பழைய ஆட்களிடம் ஒரு குழப்பம் உண்டு. 1964 சட்டத்தில், பார் அல்லாத சாப்பாட்டுப் பகுதியில் 16 வயதுப் பிள்ளையே தன் கையால் பியரோ சைடரோ வாங்க முடிந்தது, வைனுக்கு அந்த இடமில்லை. 2003 சட்டம் வைனைச் சேர்த்தது, தனிச் சாப்பாட்டு அறை என்ற நிபந்தனையை எடுத்தது, ஆனால் பிள்ளை தானே வாங்குவதை அடியோடு நிறுத்தியது. "எங்கள் காலத்தில் நாங்களே வாங்கினோம்" என்று தாத்தா சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, சட்டம் மாறிவிட்டது. ஸ்காட்லாந்தில் 2005 சட்டத்தின்படி ஏறக்குறைய இதே ஏற்பாடு உண்டு. வட அயர்லாந்தில் இது கிடையவே கிடையாது. பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை "கூடாது" என்று அடித்துச் சொன்னால் காரணம் அதுதான்.

இனி சாப்பாடு. 159-ஆம் பிரிவு மேசைச் சாப்பாட்டுக்கு வரையறை தருகிறது: ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், மேசையிலோ மேசை போலப் பயன்படும் கவுன்டரிலோ சாப்பிட வேண்டும், உட்காராமல் நின்று குடிப்பவர்களுக்கும் பரிமாறும் கவுன்டராக அது இருக்கக்கூடாது. அதாவது பார் கவுன்டரில் உயர ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்டேக் சாப்பிட்டாலும் கணக்கில் வராது. தோட்டத்து மேசை லைசன்ஸ் எல்லைக்குள் இருந்தால் வரும்.

எவ்வளவு சாப்பிட்டால் அது சாப்பாடு என்பதற்கு அந்தப் பிரிவில் பதில் இல்லை. 1965-இல் டிம்மிஸ் எதிர் மில்மன் வழக்கில், பீட்ரூட்டும் ஊறுகாயும் சேர்த்துக் கொடுத்த கனமான சான்ட்விச்சுகளையே நீதிமன்றம் மேசைச் சாப்பாடாக ஏற்றது. 2020 டிசம்பரில் சாப்பாட்டோடுதான் மது என்று கொரோனாக் கட்டுப்பாடுகள் வந்தபோது, ஒரு ஸ்காட்ச் எக் (இறைச்சி சுற்றிப் பொரித்த முட்டை) சாப்பாடா, இல்லையா என்று நாடே பேசியது. அது வேறு விதிமுறை, அதை இங்கே இழுக்காதீர்கள். கோர்ட்டில் எது நிற்கும் என்று ஊகிக்கும் வேலை சனிக்கிழமை இரவு டில்லில் நிற்கும் 19 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். மெனுவில் மெயின் என்று போட்டிருப்பது, குடிக்கப்போகும் 16, 17 வயதுப் பிள்ளையின் பெயரிலேயே ஒரு தட்டு, இவ்வளவுதான் விதி. நம் ஆட்கள் நடத்தும் பப்களில் இதைக் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு முழுத் தட்டு கொத்துரொட்டி சாப்பாடு, பிரியாணி சாப்பாடு. மேசை நடுவில் வைத்து எல்லோரும் குச்சியால் குத்தி எடுக்கும் டெவில்ட் சிக்கன், மட்டன் ரோல்ஸ், கச்சான் எல்லாம் பைட்ஸ், வெறும் கொறிக்கும் தீனி. பைட்ஸுக்கு 17 வயதுப் பிள்ளைக்கு பியர் கிடையாது.

தலைப்பில் போட்ட விஷயத்துக்கு வருகிறோம். பிள்ளையின் கிளாஸ் தட்டோடு சேர்ந்து வர வேண்டும், ஒரு நிமிடம் முன்னால்கூட வேண்டாம். இதற்கு இரண்டு காரணம். சட்டத்துக்குத் தேவை "சாப்பாட்டில்" குடிப்பது. ஞாயிறு மதியம் அடுப்பறை நெருக்கடியில் ரோஸ்ட் வர 40 நிமிடம் ஆகும். வெறும் மேசையில் வைத்த லாகர் அந்த 40 நிமிடத்தில் முடிந்துவிடும், அப்போது சாப்பாடு என்ற ஒன்றே அங்கே இல்லை. அந்த நேரத்தில் லைசன்சிங் அதிகாரி உள்ளே வந்தால் அவர் கண்ணில் படுவது, காலி மேசையில் பியர் குடிக்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை.

இரண்டாவது உடம்பு. மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் ரத்தத்தில் சேர்கிறது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் இரைப்பை மெதுவாகத் திறக்கும், மதுவும் மெதுவாக இறங்கும், ரத்தத்தில் ஏறும் உச்ச அளவும் குறையும். வெறும் வயிற்றில், அதுவும் நுரைக்கும் பானம் என்றால், விறுவிறு என்று ஏறும். 5 சதவீத லாகர் அரை பைன்டில் 284 மில்லி, அதில் 1.4 யூனிட் (ஒரு யூனிட் 10 மில்லி சுத்த ஆல்கஹால்), ஏறத்தாழ 11 கிராம் சுத்த ஆல்கஹால். 85 கிலோ அப்பாவுக்கும் 50 கிலோ எடையுள்ள 17 வயது மகளுக்கும் ஒரே கிளாஸைக் கொடுத்தால், மகளின் ரத்தத்தில் செறிவு ஏறக்குறைய இருமடங்காக இருக்கும். "ஒரு சின்னக் கிளாஸ்தானே" என்று அப்பா சொல்வது அவருடைய உடம்பை வைத்து.

அளவைப் பற்றி எங்கள் விதி: ஒன்று, சிறியது, மறுபடி நிரப்புவது இல்லை. இதற்கு வேண்டிய கிளாஸ்கள் உங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருக்கின்றன. கட்டாய லைசன்ஸ் நிபந்தனைகளின்படி பியருக்கும் சைடருக்கும் அரை பைன்ட், சாதாரண வைனுக்கு 125 மில்லி நீங்கள் வைத்திருந்தே ஆக வேண்டும். குழாயிலிருந்து ஊற்றும் டிராஃப்ட் பியரை மூன்றில் ஒரு பைன்டாகவும் விற்கலாம், அது 189 மில்லி. எங்களைக் கேட்டால் 3.4 சதவீத ஏல் பியர் ஒன்றை மூன்றில் ஒரு பைன்ட் கிளாஸில் கொடுப்பதே நல்லது: 0.64 யூனிட்தான். அதே பிள்ளைக்கு 5.2 சதவீத லாகர் ஒரு முழுப் பைன்ட் ஊற்றினால் கிட்டத்தட்ட 3 யூனிட். 13 சதவீத வைன் 125 மில்லியில் 1.6 யூனிட், 175 மில்லியில் 2.3. "வைட் வைன்" என்று மட்டும் சொன்னால் கை தானாக 175-க்குப் போகும் பழக்கம் பல பார்களில் உண்டு. பிள்ளைக்கு என்றால் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஜின், வோட்கா, ரம், விஸ்கி, அவை கலந்த காக்டெய்ல், மேலே ஒரு சொட்டு லிக்கர் விட்ட காப்பி, எதற்கும் விலக்கில்லை. பிறந்தநாள் ஷாட்டுக்கும் இல்லை.

வைன் பாட்டில் தனிச் சிக்கல். 750 மில்லி, 13 சதவீதம் என்றால் 9.75 யூனிட். அது மேசைக்குப் போனபின் யார் கிளாஸில் எவ்வளவு விழுகிறது என்பது உங்கள் கையில் இல்லை. அப்பா மகனுக்கு ஊற்றுவார், பிறகு "நீயும் ஒரு வாய்" என்று 14 வயது மகளிடம் நீட்டுவார். 16 ஆகாத பிள்ளைக்கு உங்கள் பப்பில் ஒரு வாய்கூடக் கூடாது. வீட்டில் 5 வயதுக்கு மேல் கொடுப்பதைச் சட்டம் குற்றமாக்கவில்லை என்று பெற்றோர் வாதிடுவார்கள். அது சரிதான், ஆனால் அது வீட்டுக்கு. லைசன்ஸ் உள்ள இடத்தில், பார்த்தும் பாராமல் போன ஊழியர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே பிள்ளை குடிக்கும் மேசைக்கு வைனைக் கிளாஸாக மட்டும் கொடுங்கள், பாட்டிலோ ஜக்கோ வேண்டாம்.

வேலை நடக்கும் வரிசை இப்படி இருக்கட்டும். பெரியவர் கவுன்டரில் கேட்டதும், "மகனுக்கு எத்தனை வயசு, அங்கிள்? ஐ.டி. இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். 25 வயதுக்குக் கீழே தெரியும் எல்லோரிடமும் ஐ.டி. கேட்கும் சேலஞ்ச் 25 விதியை வைத்திருக்கும் இடத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட நியாயமில்லை. பாஸ்போர்ட், ஃபோட்டோ ஒட்டிய ஓட்டுநர் லைசன்ஸ், பாஸ் (PASS) ஹாலோகிராம் உள்ள வயதுச் சான்று அட்டை, இவை போதும். கார் பழகுவோருக்கான புரோவிஷனல் லைசன்ஸுக்கு 15 வயது 9 மாதத்திலேயே விண்ணப்பிக்க முடியும் என்பதால் பல பிள்ளைகளிடம் அது இருக்கும். ஃபோனில் எடுத்த பாஸ்போர்ட் படம் வேண்டாம், படத்தில் ஹாலோகிராமும் புற ஊதா அடையாளமும் தெரியாது. இங்கே நீங்கள் பார்ப்பது 18 ஆகிவிட்டதா என்பதை மட்டும் அல்ல, 16 ஆகிவிட்டதா என்பதையும். 15 வயது 11 மாதம் என்றால் இல்லைதான். கூட இருக்கும் பெரியவரே இளமையாகத் தெரிந்தால் அவருடைய ஐ.டி.யையும் பாருங்கள்.

அடுத்து, டில்லில் முதலில் சாப்பாட்டை ஏற்றுங்கள். பிள்ளையின் கிளாஸைச் சாப்பாட்டு டிக்கெட்டோடு கட்டிவிட்டு, "16/17, தட்டோடு" என்று குறிப்பு போடுங்கள். தட்டு கொண்டுபோகும் ரன்னருக்கு அந்தக் குறிப்பு தெரிய வேண்டும், இல்லையென்றால் பார் பக்கம் தயாரான கிளாஸை அவர் முன்கூட்டியே எடுத்துப் போய்விடுவார். கிளாஸைப் பெரியவர் கையருகே வைத்து, "இது தம்பிக்கு, இன்றைக்கு இந்த ஒன்றுதான்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு ஜக் தண்ணீர் வையுங்கள், அது எப்படியும் இலவசமாகக் கொடுக்க வேண்டியதுதான். தட்டை எடுக்கும்போது கிளாஸையும் எடுத்துவிடுங்கள். தட்டு போன பிறகும் சாப்பாடு நடக்கிறது என்று வாதாடும் நிலைக்குப் போகாதீர்கள்.

எங்கே பிசகும்? பெரும்பாலும் இரண்டாவது கிளாஸில். முதல் கிளாஸை அப்பா வாங்கினார், எல்லாம் சரி. சாப்பாடு பாதியில் மகன் அப்பாவின் கார்டை எடுத்துக்கொண்டு தானே கவுன்டருக்கு வருகிறான். அங்கே இப்போது வேறு ஊழியர். உயரமான பையன், முன்னால் பியர் குடித்ததைப் பார்த்த ஞாபகம், ஊற்றிவிடுகிறார். அந்த நொடியில் அது 146-ஆம் பிரிவின் கீழ் 18 வயதுக்குக் கீழானவருக்கு விற்ற குற்றம், மேசையில் ரோஸ்ட் இருப்பதெல்லாம் உதவாது. 90 பவுண்ட் உடனடி அபராதத்தோடும் முடியலாம், வழக்காகவும் போகலாம். மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை இப்படி விற்றால் லைசன்ஸ்காரர் மேலேயே தொடர் விற்பனைக் குற்றம் வரும். 48 முதல் 336 மணி நேரம் வரை மது விற்பனையை நிறுத்தும் நோட்டீஸ் கொடுக்கவும் வழி உண்டு. 336 மணி என்றால் இரண்டு வாரம். ஒரு சிறிய பப்பின் வாடகை அதற்குள் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஃபோன் ஆப்பில் ஆர்டர் செய்யும் இடங்களில் இதே ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். கிளாஸை யார் குடிக்கப்போகிறார், யாருடைய ஃபோனிலிருந்து பட்டன் அழுத்தப்பட்டது என்று ஆப்புக்குத் தெரியாது. பிள்ளைகள் இருக்கும் மேசைக்கு ஆப்பில் வந்த மதுவை ரன்னர் அப்படியே வைத்துவிட்டு வரக்கூடாது. யாருக்கு என்று கேட்டு, சந்தேகம் இருந்தால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். திருப்பிக் கொண்டுவந்ததற்காக அந்த ரன்னரைத் திட்டாதீர்கள்.

பிறகு இடமாற்றம். சாப்பிட்டு முடித்துக் கிளாஸோடு பூல் மேசைக்கோ கிரிக்கெட் ஓடும் டிவி முன்னாலோ போனால் விலக்கு அங்கேயே முடிந்தது. அப்பா சிகரெட்டுக்காக வாசலுக்குப் போய், மேசையில் பிள்ளைகள் மட்டும் இருந்தாலும் அதே கதி. இன்னொன்று சாவி. 17 வயதில் கார் ஓட்டலாம். மேசைமேல் எல்-போர்டு காரின் சாவி கிடந்தால், ஓட்டப்போவது யார் என்று கேட்பது உங்கள் உரிமை. அந்தப் பிள்ளைதான் என்றால் அரை பைன்டும் வேண்டாம்.

பரிமாறுபவர் வயதையும் மறக்காதீர்கள். உங்கள் ஊழியரே 17 வயது என்றால், ஒவ்வொரு மது விற்பனைக்கும் பொறுப்பில் உள்ளவர் தனித்தனியே சரி சொல்ல வேண்டும். சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பகுதியில், சாப்பாட்டோடு போகும் கிளாஸுக்குத்தான் 153-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. எல்லோரும் வந்துபோகும் பார் அறை அந்தப் பகுதி ஆகாது.

ஹால் எடுத்து நடத்தும் விசேஷங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாமத்திய வீடு, 50-ஆவது பிறந்தநாள், கல்யாண வரவேற்பு. ஹாலுக்கு லைசன்ஸ் இருந்தாலும், டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் (தற்காலிகமாக மது விற்பதற்கான அறிவிப்பு) போட்டிருந்தாலும், அங்கேயும் இதே சட்டம்தான். புஃபேயில் தட்டை ஏந்தி நின்று சாப்பிடுவது மேசைச் சாப்பாடு ஆகாது. மாமா ஒருவர் ஓரமாக நின்று பையன்களுக்கு பியர் எடுத்துக் கொடுப்பது நம் விசேஷங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டே விட்டுவிடும் காட்சி. பதில் சொல்ல வேண்டியவர், நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவரும் பாரில் நிற்பவரும்.

"இப்பவே எங்கள் முன்னால் பழகினால் வெளியே போய்க் கெடமாட்டான்" என்று பெற்றோர் பலர் மனதார நம்புகிறார்கள். அந்த அக்கறையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் கைவசம் உள்ள ஆதாரம் அதற்கு எதிராகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆறு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. பெற்றோர் மது கொடுத்ததால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்ததாக அதில் எந்த அடையாளமும் இல்லை. அப்படிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் மற்ற வழிகளிலும் மது பெறுவதுதான் கூடியிருந்தது. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2009-இல் கொடுத்த அறிவுரையும் தெளிவு: மதுவே இல்லாத பிள்ளைப்பருவம்தான் நல்லது, 15 வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம், 15 முதல் 17 வரை குடித்தால் பெற்றோர் மேற்பார்வையில், எப்போதாவது, வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் இல்லாமல். ஆகவே இதை ஒரு பாடம் மாதிரி விற்காதீர்கள். மெனுவில் போடாதீர்கள், "தம்பிக்கும் ஒன்று?" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். குடும்பம் கேட்டால், நிபந்தனை எல்லாம் பொருந்தினால், ஒரு சிறிய கிளாஸ், அவ்வளவுதான்.

மறுக்கும்போது சொல்லிலேயே பாதிச் சண்டை அடங்கும். "உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்" என்பதைவிட, "அங்கிள், சாப்பாடு வந்ததும் நானே கொண்டுவந்து வைக்கிறேன், அதுவரை தம்பிக்கு ஒரு கோக் தரட்டா?" என்பது மேசையில் அப்பாவின் மானத்தையும் காப்பாற்றும். முழுவதும் மறுத்தால் தேதி, நேரம், மேசை எண், காரணம், யார் மறுத்தார் என்று, மறுப்புகளைக் குறித்துவைக்கும் ரெஃப்யூசல் புக்கில் ஒரு வரி எழுதுங்கள். வெறுமையாகக் கிடக்கும் ரெஃப்யூசல் புக்கைப் பார்த்து எந்த அதிகாரியும் "இங்கே யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது" என்று நினைப்பதில்லை.

அந்தத் தாளை எழுதுமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பிரிமைசஸ் லைசன்ஸை (பப் இடத்துக்கான லைசன்ஸ்) எடுத்து இரண்டாம், மூன்றாம் இணைப்புகளைப் படியுங்கள். முன்பு நடத்தியவர் விண்ணப்பத்தில் ஒப்புக்கொண்டதோ, கவுன்சில் விசாரணைக்குப் பிறகு சேர்த்ததோ, "இரவு 9 மணிக்குப் பிறகு 18-க்குக் கீழானவர்கள் இருக்கக்கூடாது" என்பது போன்ற ஒரு வரி அங்கே இருக்கலாம். இருந்தால் மேலே எழுதியது எல்லாவற்றையும்விட அந்த வரிதான் உங்களைக் கட்டும். பப்பை வேறு ஒருவரிடமிருந்து வாங்கியவர்கள் பலர் அந்தப் பக்கங்களைத் திறந்ததே இல்லை. சட்டகத்தில் மாட்டியிருப்பது சுருக்கப் பக்கம் மட்டும்தான். முழு லைசன்ஸ் கிடைக்கவில்லை என்றால் கவுன்சிலின் லைசன்சிங் பிரிவில் நகல் வாங்குங்கள், வரும் ஞாயிறு ரோஸ்ட்டுக்கு முன்னால்.

இப்படிக்கு,
பார் ஊழியர்களுக்கு லைசன்ஸ் பயிற்சி தரும் நண்பர்கள்